லக்கதாய் காவற்கோபுரம்: சிற்பம் வைக்கத் தோதான கட்டடமா?

வடக்குச்சன்னல்:
பிரான்சின் தென்மேற்கில் லாந்து மாவட்டத்துத் தலைநகர் மோன் தெ மார்சான். தூஸ், மிது என்ற இரண்டு ஆறுகள் ஊருக்குள்ளேயே கூடி மிதூஸ் ஆகின்றன. அங்கே லக்கதாய் என்றொரு காவற்கோபுரம் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டு அரண். உச்சியில் இன்றும் ஞாயில் வரிசை, அதாவது வீரர் மறைந்து நின்று தாக்கப் பல்வரிசைபோல் கட்டிய மதில்முகடு, நிற்கிறது. 1968 முதல் அது சிற்ப அருங்காட்சியகம். ஷார்ல் தெஸ்பியோ (1874-1946), ரொபேர் வ்லேரிக் (1882-1944) என்ற இருவர் பெயரில் நடக்கிறது. இருவருமே அந்த ஊரில் பிறந்தவர்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மனித உருவத்தை விடாமல் செய்த பிரெஞ்சுச் சிற்பிகளை ஒரே கூரையின்கீழ் பார்க்க அதைவிட நல்ல இடம் குறைவு.

பழைய அரண்களில் பீரங்கி, கவசம், வரைபடம் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சிற்பம் அப்படியில்லை. எடை இருக்கிறது, சுற்றி வர இடம் வேண்டும், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழ வேண்டும். அம்பு எய்யவும் ஆள் ஏறாமல் தடுக்கவும் கட்டிய கட்டடம் இதற்கெல்லாம் எப்படி ஈடுகொடுக்கிறது? தளம் தாங்குமா? கல்சுவரின் ஈரக்கசிவில், அந்த ஓதத்தில், பிளாஸ்டரில் வார்த்த சிற்பம் என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
முதலில் பெயர். பிரெஞ்சில் இதை ‘தொன்ழோன்’ என்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அந்தச் சொல் பொருந்தாது. தொன்ழோன் என்பது கோட்டைக்குள் தனியாக நிற்கும் தலைமைக் கோபுரம், பிரபு குடியிருந்து கடைசிவரை எதிர்த்து நிற்கும் இடம். லக்கதாய் அடிப்படையில் ரோமானெஸ்க் (கோதிக் பாணிக்கு முந்திய ஐரோப்பியக் கட்டடப்பாணி) காலத்து அரண்வீடுகள் இரண்டு. 14-ஆம் நூற்றாண்டில் அவற்றைச் சேர்த்து ஞாயில் வைத்தார்கள். அந்த வேலையை ஃபுவா கோமகன் கஸ்தோன் ஃபேபுஸ் (1331-1391) கணக்கில் எழுதுவது ஊர் மரபு. மார்சான் அவர் ஆட்சியில் இருந்த பகுதிதான்.

இது வெறும் சொற்சண்டை இல்லை. வட்டக் கோபுரமாக இருந்திருந்தால் பீடத்தைச் சுவரோரம் வைக்கவே முடியாது, வளைவு இடித்துக்கொண்டே இருக்கும். வீடாகப் பிறந்த அரணில் அறைகள் சதுரம், மூலைகள் நேர். இரண்டு வீட்டைச் சேர்த்த கட்டடத்தில் நடுச்சுவர் ஒன்று கிடைக்கும், அதனால் உத்தரத்தின் நீளமும் குறையும். சிற்பத்துக்கு இது பெரிய வரம்.

கல் அந்தப் பக்கத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல். உடைத்துப் பார்த்தால் கிளிஞ்சல் துண்டுகள் தெரியும். துளை நிறைந்தது, தண்ணீரை உறிஞ்சும், திரும்ப விடும். அந்த மூச்சை அடைக்காமல் விடுவதுதான் பராமரிப்பில் பாதி.

பாரக்கணக்கு:
எடைக் கேள்விக்கு வருகிறேன். சிற்பம் என்றதும் எல்லாரும் பயப்படுவது வெண்கலத்துக்கு. அது பாதிதான் சரி.

ஆளுயர வெண்கலம் உள்ளே வெற்றிடம். உடற்பரப்பு ஏறக்குறைய 1.8 சதுர மீட்டர், சுவர்த்தடிமன் 5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். கன அளவு 0.009 கனமீட்டர். வெண்கலத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 8,700 கிலோ அளவில். பெருக்கினால் 78 கிலோ. கை, கால் முனைகளில் தடித்த வார்ப்பு, அடித்தட்டு, உள்கம்பி எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 கிலோ. அதே உருவம் பளிங்கில் என்றால் முழுத்திண்மம். உடலுக்கே 190 கிலோ போகும். காலோரம் முட்டுக்காக விடுகிற அடிமரம், அடித்தட்டு சேர்த்தால் 300-ஐத் தாண்டிவிடும். பிளாஸ்டர் வார்ப்பும் கூடுதான், 40 முதல் 60 கிலோவில் நின்றுவிடும்.

ஐரோப்பியக் கட்டட விதியில் அருங்காட்சியகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிலோநியூட்டன், அதாவது 300-500 கிலோ. 150 கிலோ வெண்கலத்தை 50 செ.மீ. சதுரப் பீடத்தில் நிறுத்தினால் அந்தக் கால் சதுர மீட்டரில் சதுர மீட்டருக்கு 600 கிலோ விழுகிறது, பீடத்தின் எடையைச் சேர்க்காமலே. அறை முழுக்கக் கணக்கிட்டால் ஒன்றுமில்லை. அந்த ஒரு பலகைக்குத்தான் ஆபத்து.

ஆகவே மரத்தளத்தில் செய்ய வேண்டியது: பீடத்தை அறை நடுவில் வைக்காமல் உத்தரம் சுவரில் ஏறும் முனைக்குப் பக்கமாக வைப்பது, இரண்டு குறுக்குக்கட்டைகளாவது சேர்ந்து சுமக்கிறபடி நிறுத்துவது, பீடத்தின் கீழே 80 செ.மீ. அகலத் தடித்த பலகை கொடுத்துப் பாரத்தைப் பரப்புவது. பீடத்தைக் கல்லில் செய்யாமல் மரச்சட்டத்தில் செய்வது. பளிங்கு எல்லாம் தரைத்தளம். மேலே ஏற ஏறப் பிளாஸ்டரும் சுடுமண்ணும்.

உத்தரம் முறிவது அபூர்வம். உண்மையில் நடப்பது அதிர்வு. பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் தளம் குலுங்கி, ஒல்லியான காலில் நிற்கும் உருவம் தலையாட்டும். பிளாஸ்டரின் கணுக்கால் வெடிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. பீடத்தின் அடியில் ரப்பர் தகடு போட்டால் பாதிக்கு மேல் அடங்கும்.

கூடுதுறை:
பாரக்கணக்கு சார், படிக்கட்டு? பழைய அரண்களில் சுழல்படி 70, 80 செ.மீ. அகலம்தான் இருக்கும். 150 கிலோவை எப்படி மேலே ஏற்றுவது?

பாரக்கணக்கு:
படியில் ஏற்றக்கூடாது. சுழல்படியில் இரண்டு பேர்தான் பிடிக்க முடியும். கீழே நிற்பவர் மேல் முக்கால் பாரம் வரும், திரும்பும் இடத்தில் கை மாற்ற முடியாது. 25 கிலோ மார்பளவுத் தலைக்குப் படி சரி. அதற்கு மேல் சன்னல் வழி: வெளியே சாரம், சங்கிலிக் கப்பி, அகலத் துணிப்பட்டை. பட்டை போட வேண்டிய இடம் இடுப்பும் தொடையும். கழுத்து, கை, நீட்டிய விரல் எதிலும் பாரம் வரக்கூடாது.

இன்னொன்று. பிரெஞ்சுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு தளத்துக்கு ஒரே ஒரு குறுகிய வெளியேறும் வழி என்றால் 19 பேருக்கு மேல் நிற்கக்கூடாது. தனிப்படிக் கோபுரங்களில் குழுக்களைப் பிரித்துப் பிரித்து அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளைச்சுவர்:
அடிப்படைக் கேள்வி ஒன்று. மேலே பிளாஸ்டர், பிளாஸ்டர் என்கிறீர்கள். பிளாஸ்டர் நகல்தானே? வெண்கலமோ பளிங்கோ அல்லவா அசல்? நகலை வைக்க ஏன் இவ்வளவு பாடு?

வார்ப்படச்சாலை:
வெள்ளைச்சுவர், நேர்தலைகீழ். இந்த அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போகிறவர் இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் பாதியைப் பார்க்காமல் வந்துவிடுவார்.

சிற்பி களிமண்ணில் செய்கிறார். களிமண் காய்ந்தால் வெடிக்கும், ஈரத்துணி போட்டு மாதக்கணக்கில் காக்கலாம், ஆண்டுக்கணக்கில் முடியாது. அதனால் ‘இழந்த அச்சு’ எடுப்பார்கள். களிமண் உருவத்தின்மேல் முதலில் காவி கலந்த பிளாஸ்டர், 5 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசாக. அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டர் 2, 3 செ.மீ. தடிமனில். இறுகியதும் பின்பக்கம் திறந்து களிமண்ணைச் சுரண்டி எடுத்துக் கழுவிவிட்டு, உள்ளே சோப்புக் கரைசல் தடவி, புதுப் பிளாஸ்டரை ஊற்றி உருட்டுவார்கள். அது இறுகியபின் வெளி அச்சை மழுங்கிய உளியால் தட்டித் தட்டி உடைக்க வேண்டும். உடைத்துக்கொண்டே வரும்போது காவி நிறம் தெரிந்தால் உள்ளே உருவம் 5 மில்லிமீட்டரில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே கை மெதுவாகும். அந்தக் காவிக்கு அதுதான் வேலை, எச்சரிக்கை மணி மாதிரி.

கடைசியில் களிமண்ணும் இல்லை, அச்சும் இல்லை. ஒரே ஒரு பிளாஸ்டர் மிஞ்சும். அசல் பிளாஸ்டர் என்பது அதைத்தான். அதிலிருந்து துண்டு அச்சோ ஜெலட்டின் அச்சோ எடுத்துத்தான் வெண்கலம் வார்க்கும் சாலைக்கு மெழுகுப் படி போகிறது. வெண்கலம் என்பது மூன்றாம் கை. பளிங்கு இன்னும் தூரம்: பெரும்பாலும் வேறொருவர், புள்ளிக்கருவி வைத்து அளந்து செதுக்குவார். தெஸ்பியோவே 1907 முதல் 1914 வரை புகழ்பெற்ற சிற்பி ரோதேனுக்கு அந்த வேலையைச் செய்தவர். அவர் செய்த ‘போலெத்’ என்ற பெண் தலையைப் பார்த்துத்தான் ரோதேன் கூப்பிட்டார். புள்ளிக்கருவி போன பிளாஸ்டரில் பென்சில் சிலுவைக்குறிகளும் சின்ன ஆணித்தலைகளும் இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் துடைக்கக்கூடாத அழுக்கு அது.

தெஸ்பியோவின் தந்தையும் பாட்டனாரும் பிளாஸ்டர் பூசும் கொத்தர்கள். கையில் வந்த தொழில்.

வெள்ளைச்சுவர்:
அப்படியென்றால் பார்வையாளர் எதை வைத்து அசல் பிளாஸ்டர், மறுவார்ப்பு என்று பிரித்தறிவது?

வார்ப்படச்சாலை:
துண்டு அச்சில் வார்த்ததில் மெல்லிய வரம்புகள் வலைபோல ஓடும், துண்டுகள் சேர்ந்த இடங்கள். ஜெலட்டின் அச்சில் ஒன்றிரண்டு நீள வரம்புதான் இருக்கும், ஆனால் ஓரங்கள் சற்றே மழுங்கியிருக்கும். அசலில் வரம்பு குறைவு. அச்சை உடைத்த உளி தப்பிய சின்னக் குழிகள், மூலைமுடுக்கில் ஒட்டிய காவித் துணுக்கு தெரியலாம். மேற்பரப்பு தேன்நிறமாக இருந்தால் அரக்குப் பூச்சு: அடுத்த அச்சு ஒட்டாமலிருக்கப் பூசியது. அப்படியென்றால் இந்தப் பிளாஸ்டர் வார்ப்படச்சாலைக்குப் போய் வந்தது.

வெண்கலத்தில் அடித்தட்டின் ஓரத்தைப் பாருங்கள். தெஸ்பியோவின் வெண்கலங்களில் க்ளோத் வல்சுவானி வார்ப்பகத்தின் ‘சிர் பெர்தூ’ முத்திரை அடிக்கடி கிடைக்கும். ‘இழந்த மெழுகு’ என்று பொருள்: அச்சுக்குள் இருக்கும் மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் வெண்கலம் ஊற்றும் முறை. எண்ணும் முக்கியம்: பிரெஞ்சு நடைமுறையில் ஒரே உருவத்துக்கு 8 படிகளும், கலைஞர் படி என்று 4-ம், ஆக 12 வரைதான் அசல் வெண்கலம். 1981 மார்ச் 3 ஆணைப்படி அதற்கு மேல் எடுப்பதில் ‘ரெப்ரொதுக்சியோன்’ (நகல்) என்று அழியாமல் பொறிக்க வேண்டும்.

திருட்டுப் பிரதியைப் பிடிக்க அளவுகோல் போதும். மெழுகும் வெண்கலமும் குளிரும்போது சுருங்கும், மொத்தம் ஏறத்தாழ 2 விழுக்காடு. அசல் வெண்கலத்தின் மேலேயே அச்சு எடுத்து மறுபடி வார்த்தால் இன்னொரு 2 விழுக்காடு போகும். 40 செ.மீ. தலையில் 8 மில்லிமீட்டர். மோவாயிலிருந்து உச்சிவரை, காதுக்குக் காது, இரண்டையும் வளைகாலி (வளைந்த இரு கால் உள்ள அளவுகருவி) வைத்து அளந்தால் தெரிந்துவிடும். அடித்தட்டை நம்பாதீர்கள், அதைத் தனியாக உயர்த்திவிடுவார்கள்.

கூடுதுறை:
ஒரு துணைச்செய்தி. 1941 அக்டோபர் 11 சட்டத்தின்படி, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு ஒத்துப்போன விஷி அரசு பிரான்சு முழுக்கப் பொது இடங்களில் நின்ற வெண்கலச் சிலைகளை உலோகத்துக்காக இறக்கி உருக்கியது. பல சிலைகள் இன்று எஞ்சியிருப்பதே எங்கோ ஒரு கிடங்கில் பிளாஸ்டர் இருந்ததால்தான். ‘வெண்கலம் நிலைக்கும், பிளாஸ்டர் உடையும்’ என்ற வாய்ப்பாட்டை அந்த ஆண்டுகள் கவிழ்த்துவிட்டன.

ஈரமானி:
சரி, ஓதம். வடக்குச்சன்னல் கேட்டதில் இதுதான் கடினமான பகுதி.

பிளாஸ்டர் என்பது ஜிப்சம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம் அளவுக்குக் கரையும். கொஞ்சம்தானே என்று தோன்றும். மூக்கு நுனியில் தெஸ்பியோ விட்டுவைத்த விரல்தடம் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை. ஒரு கசிவு ஒரு மழைக்காலம் அதன்மேல் சொட்டினால் போதும். தவிர, கலவைக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி வேதிவினைக்குத் தேவைப்படாதது. அது ஆவியாகிப் போன இடமெல்லாம் துளை. அந்தத் துளைகள் சுவர் ஓதத்தையும் அதிலுள்ள உப்பையும் உறிஞ்சும். உள்ளே இரும்புக்கம்பி இருந்தால் இன்னும் மோசம்: துரு தான் பிறந்த இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும், உள்ளிருந்தே பிளக்கும். மணிக்கட்டிலும் முழங்காலிலும் பழுப்புக் கோடு தெரிந்தால் கம்பி துருவேறுகிறது என்று பொருள்.

தடித்த கல்சுவர்க் கட்டடத்தில் ஆபத்தான மாதம் குளிர்காலம் என்று நினைப்பார்கள். இல்லை, வசந்தத்தின் முடிவு. சுவர் இன்னும் குளிர்காலக் குளிரை வைத்திருக்கும், வெளியே வெயில் வந்துவிடும். வெளிக்காற்று 24 பாகை, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அதன் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 18 பாகை. சுவர் 15 பாகையில் இருக்கிறது. ‘நல்ல வெயில், சன்னலைத் திற’ என்று யாராவது திறந்தால் சுவர் வியர்க்கும். ஆகவே விதி இதுதான்: வெளிக்காற்றின் பனிநிலை சுவரின் வெப்பநிலையைவிடக் கீழே இருந்தால் மட்டும் திற. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றும் வெளியே ஈரப்பத மானி ஒன்றும் போதும். அட்லாண்டிக் காற்று வீசும் லாந்து போன்ற பகுதியில் இது ஏட்டறிவு இல்லை.

பிளாஸ்டர், சுடுமண் இரண்டுக்கும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் சரி. ஏற்ற இறக்கம் மெதுவாக இருந்தால் இன்னும் நல்லது. உப்பேறிய வெண்கலத்துக்கு 40-க்குக் கீழே வேண்டும். அது கோபுர அறை முழுக்க முடியாத காரியம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டுத்தான். பீடம் எதுவும் வெளிச்சுவரைத் தொடக்கூடாது, 10 செ.மீ. விடுங்கள்.

கல்தச்சன்:
ஈரமானி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கல்சுவர்களை 20-ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் சிமென்டால் இணைப்பு பூசிக் கெடுத்திருக்கிறார்கள். சிமென்ட் இறுகலானது, ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியே வரும். வந்த இடத்தில் உப்பு பூக்கும். கடைசியில் சிமென்ட் அப்படியே இருக்க, கல் உதிர்ந்து உள்வாங்கிவிடும். இணைப்பைக் கல்லின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு என்று சிலர் தோண்டுவார்கள், அது தவறு. இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, அதுவும் கை உளியால். பிறகு சுண்ணாம்புச் சாந்து, ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். வெயிலில் பூசினால் மூன்று நாள் ஈரச்சாக்கு.

ஞாயில் உள்ள மொட்டைமாடிதான் கட்டடத்தின் பலவீனம். அங்கிருந்து ஊர் அழகாகத் தெரிகிறது, பார்வையாளர் ஏறுகிறார்கள். ஆனால் கைப்பிடிச்சுவர் சூழ்ந்த மாடியில் மழைநீர் போகச் சில துளைகள்தான். இலை அடைத்தால் மாடி தொட்டியாகிவிடும். இலையுதிர் காலத்தில் வாரம் ஒருமுறை துளையைக் கையால் சுத்தம் செய்வது எந்த இயந்திரத்தையும்விட அதிகப் பிளாஸ்டரைக் காப்பாற்றும்.

வடக்குச்சன்னல்:
வெளிச்சத்தைப் பற்றி நானே சேர்க்கிறேன். அரண் கட்டடத்துக்கு இந்த விஷயத்தில் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆழமான சுவரில் சின்னச் சன்னல், ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி. தெஸ்பியோவுக்கு அதுதான் தேவை. ரோதேன் சிற்பத்தில் மேடுபள்ளம் பலமாக இருக்கும், எந்த வெளிச்சத்திலும் தப்பிக்கும். தெஸ்பியோ, லூசியேன் ஷ்னெக்கைச் சுற்றியிருந்த குழுவைச் சேர்ந்தவர். ஜான் பூப்லே, வ்லேரிக் எல்லாரும் அதில் உண்டு. உணர்ச்சிக் கொந்தளிப்பு வேண்டாம், அமைதியான கட்டுமானம் வேண்டும் என்றவர்கள். கன்னத்தில் ஒரு தளம் அடுத்த தளத்தில் கலக்கும் இடம் மயிரிழை மாற்றம். நாலு பக்கமும் குழல்விளக்கு போட்டால் அந்தத் தலைகள் வெறும் முட்டையாகிவிடும்.

செயற்கை விளக்கு போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு முதன்மை விளக்கு, 30-45 பாகைச் சாய்வில், கற்றை 25 பாகைக்குள். எதிர்ப்பக்கம் அதில் நாலில் ஒரு பங்கு வெளிச்சம். வெள்ளைப் பிளாஸ்டரின் பின்னால் வெள்ளைச்சுவர் வைக்காதீர்கள், விளிம்பு கரைந்துவிடும். அந்தச் சிப்பிக்கல்லின் மங்கிய மஞ்சளே நல்ல பின்னணி.

கூடுதுறை:
தெஸ்பியோவை இவ்வளவு புகழும்போது 1941-ஐ விட்டுவிடக்கூடாது. பிரான்சை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர் ஏற்பாடு செய்த ஜெர்மனிப் பயணத்தில் தெரேன், வ்லாமேங்க், வான் தோங்கன், பெல்மொந்தோ ஆகிய கலைஞர்களுடன் அவரும் போனார். ஹிட்லரின் சிற்பி ஆர்னோ பிரேக்கரைப் பற்றி 1942-ல் அவர் பெயரில் நூலும் வந்தது. போருக்குப்பின் அவர் புகழ் சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வார்ப்படச்சாலை:
மறுக்கவில்லை, கூடுதுறை. ஆனால் அதை மட்டும் காரணமாக்கினால் வ்லேரிக்கைப் பற்றி என்ன சொல்வீர்கள்? அந்தக் கறை இல்லாதவரையும் மறந்துதானே போனார்கள். பாரிஸ் த்ரொக்காதெரோவில் குதிரைமேல் இருக்கும், முதல் உலகப்போர்த் தளபதி ஃபோஷின் சிலையைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் படம் எடுக்கிறார்கள். செய்தவர் வ்லேரிக் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் 1944-ல் இறந்தபின் ரெமோன் மார்தேன் என்ற சிற்பி முடித்து 1951-ல் திறந்தார்கள். இருவர் பெயரும் மங்கியதற்குப் பெரிய காரணம் போருக்குப்பின் அருவச் சிற்பம் பக்கம் ரசனை திரும்பியது. பயணத்தின் குற்றம் குற்றம்தான், அந்தத் தலைகளின் நேர்த்தியும் நேர்த்திதான்.

வெள்ளைச்சுவர்:
கடைசியாக ஒன்று. பிளாஸ்டரில் தூசி படிந்தால் துடைப்பது எப்படி? ஈரத்துணி கூடாது என்று புரிந்துவிட்டது.

ஈரமானி:
உலர் துணியும் கூடாது, தூசியைத் துளைக்குள் தேய்த்துவிடும். ஆட்டுமுடித் தூரிகை, உறிஞ்சுவிசை குறைத்த தூசியுறிஞ்சி, குழாய் வாயில் மெல்லிய வலைத்துணி. தூரிகையால் மேலிருந்து கீழே தட்டிவிட்டுக் காற்றிலேயே பிடியுங்கள், குழாய் பரப்பைத் தொடக்கூடாது. கைபட்ட எண்ணெய்க்கறைக்கு 3 விழுக்காடு அகர் கூழ் (கடற்பாசியிலிருந்து எடுப்பது). 40 பாகைக்குச் சற்றுக் கீழே ஆறியதும் தடவி, இறுகியபின் உரித்தெடுங்கள். முதலில் அடித்தட்டின் பின்பக்கம் ஒரு தபால்தலை அளவில் சோதனை. அரக்குப் பூசிய பிளாஸ்டர் என்றால் அகரும் வேண்டாம், நீர் பட்ட இடத்தில் அரக்கு வெளுக்கும். பென்சில் சிலுவை இருக்கிற பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.